சிபிடி: ‘புலனுணர்வு’ அல்ல, ‘எண்ணம்’

உடல் எடை பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘புலனுணர்வு நடத்தை சிகிச்சை’ என்ற தொடர் கண்ணில் படுகிறது. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பார்க்கும் மனநலச் சிகிச்சையான காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி, சுருக்கமாக சிபிடி, என்பதைத்தான் இப்படி எழுதுகிறார்கள். புலனுணர்வு என்றால் கண்ணும் காதும் நாக்கும் உணர்வது. நாக்கு ருசிக்கு ஏதோ வைத்தியம் போல என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். ‘அறிவுசார்’ என்று போட்டால் இன்னும் வம்பு. “அப்ப இத்தனை நாளா அறிவில்லாமலா தின்னேன்?” என்று காரைக்குடி ஆச்சி ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? பாடநூல்களில் ‘அறிதிறன்’, இலங்கைத் தமிழில் ‘அறிகை’ என்கிறார்கள். பிழையில்லை, ஆனால் வீட்டுக்குள் வராத சொற்கள்.

காக்னிட்டிவ் என்பதன் மூலம், ‘அறிதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல். நாம் சொல்லும் ஞானமும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரில் முளைத்ததுதான். அதற்காக ‘ஞான சிகிச்சை’ என்றால் பழநிக்கு அனுப்புகிறார்கள் என்று நினைப்பார்கள்!

எடைக்கான சிகிச்சையில் நடத்தைதான் முதலில் வந்தது. 1967இல் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்டூவர்ட், பருமனான எட்டுப் பெண்களின் உண்ணும் பழக்கத்தை மாற்றிப் பார்த்த முயற்சியை வெளியிட்டார். என்ன, எப்போது, எங்கே சாப்பிட்டோம் என்று எழுதிவைப்பதும், தின்பண்டத்தைக் கண்ணில் படாமல் வைப்பதும் அந்த வழியில் வந்தவை. எண்ணத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக். 1960களில் அவர் மனச்சோர்வுக்கு உருவாக்கிய முறை பிறகு எடைக்கும் வந்தது.

எண்ணம் என்றால் எந்த எண்ணம்? அந்தக் காரைக்குடி ஆச்சி சாப்பிட்டதை எழுதிவைக்கும் நோட்டு ஒன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். மாலை நாலரை மணி, இடைப்பலகாரம். பேரனுக்குச் சுட்ட வெள்ளைப் பணியாரத்தில் நாலு மிஞ்சியது. மிளகாய்த் துவையலோடு ஆச்சி சாப்பிட்டார். பசி இருந்ததா? இல்லை. அப்போது மனசில் ஓடியது: “காலையிலேயே ஒரு கந்தரப்பம் தின்னாச்சு. இன்னைக்குக் கெட்டது கெட்டதுதான், நாளைக்குப் பாத்துக்கலாம்.” இந்த ‘எல்லாம் அல்லது ஒன்றுமில்லை’ எண்ணத்தைத்தான் சிபிடி பிடிக்கப் பார்க்கிறது. ஒரு கந்தரப்பம் ஒரு கந்தரப்பம்தான், அது நாளைக் கெடுக்காது என்று அந்த இடத்தில் எழுதிப் பார்க்கச் சொல்கிறது. ‘வீணாப் போகுதே’, ‘வேண்டாம்னா வந்த வீட்டில் மொகத்தை முறிச்ச மாதிரி’ என்பவையும் இந்த வகைதான். விருந்தோம்பலில் பெயர் வாங்கிய செட்டிநாட்டில் கடைசி எண்ணம் சாமானியத்தில் போகாது. பரிமாறுபவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதையே ஒத்திகை பார்க்க வேண்டும். நடத்தைப் பக்கம் எளிது. தேன்குழல் இருக்கும் மங்கு (எனாமல்) வாளியை அடுக்களை அலமாரியிலிருந்து எடுத்து வளவு அறையில் வைத்துப் பூட்டினால் சரி.

ஆகவே என் ஓட்டு ‘எண்ண-நடத்தைச் சிகிச்சை’க்கு. சிகிச்சை வடசொல்லாயிற்றே என்பவர்களுக்குப் பண்டுவம் இருக்கிறது.

ஒபீசிட்டிக்கு ‘உடற்பருமன்’ சிக்கலில்லாத சொல். லத்தீன் மூலம் தின்றே பருத்ததாகச் சொல்கிறது. தமிழ் வேர் பெரிதாவதை மட்டும் சொல்லி, பழி போடாமல் விடுகிறது. ‘பூசினாப்ல இருக்கா’ என்பதோ பாராட்டு, அதை வைத்து அளக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ) 30ஐப் பருமனுக்கு வரம்பாக வைத்திருக்கிறது. இந்திய மருத்துவர்கள் 25லேயே பருமன் என்கிறார்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. தாண்டினாலும் எச்சரிக்கைதான்.

சிபிடி என்ற பெயரைப் போட்டு ‘நிரந்தர எடைக் குறைப்பு’ என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டில் ஸாஃப்ரா கூப்பர், கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் குழுவினர், குறைந்த எடை திரும்ப ஏறாமல் தடுக்கவென்றே ஒரு சிபிடி முறையை வகுத்து, பருமனுள்ள 150 பெண்களிடம் சோதித்தார்கள். 2010இல் வெளியான முடிவு: மூன்று ஆண்டுகளில் பெரும்பாலோருக்கு எடை திரும்பிவிட்டது, பழைய நடத்தைச் சிகிச்சையைவிட இது மேலாகவும் இல்லை. ஆனால் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கும் என்பதால், உணவு, நடை, தேவைப்பட்டால் மருந்து ஆகியவற்றோடு சேர்த்து இதையும் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.