உள்ளதை உள்ளதென்று: ஓர் ஆடிட்டரின் மேசையிலிருந்து

பெங்களூரில் ஜூலை மாதம் மழையும் வருமான வரி ரிட்டர்னும் சேர்ந்தே வரும். கம்மனஹள்ளியில் இருக்கும் என் ஆபீஸுக்கு லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், ஃபிரேசர் டவுன், அல்சூர் பக்கத்துத் தமிழர்கள் நிறைய வருவார்கள். அவர்களில் பாதிப்பேரை எனக்குச் சபையிலேயே தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து "ஸ்தோத்திரம் பிரதர்" என்று கை கொடுத்தவர், திங்கட்கிழமை எதிரில் உட்கார்ந்து, "பிரதர், வாடகை ரசீது எவ்வளவுக்குப் போடலாம்?" என்று கேட்பார். அவர் குடியிருப்பது சொந்த வீட்டில்.

ஒருவருடைய விசுவாசத்தைப் பற்றிப் போதகருக்குத் தெரியாத சில விஷயங்கள் ஆடிட்டருக்குத் தெரியும். அது பெருமைப்படுகிற விஷயம் இல்லை, சில சமயம் தூக்கத்தைக் கெடுக்கும். இங்கே நான் சொல்லும் ஆட்களை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்த வாடகை ரசீது. இல்லாத வாடகையைக் காட்டி வீட்டு வாடகைப் படியில் வரிவிலக்கு வாங்குவதை நம்மில் பலர் பொய் என்றே நினைப்பதில்லை. "எல்லாரும் போடுறதுதானே" என்பார்கள். காலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வசனம் போடுகிறவரும் இதையே சொல்வார். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொன்னதை நாம் சத்தியம் செய்வது பற்றிய வசனமாக மட்டும் வைத்துக்கொண்டோம். என் மேசையில் அது ரசீதைப் பற்றிய வசனம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோருக்கு உண்மையிலேயே வாடகை கொடுத்தால் அதைக் காட்டலாம், தவறே இல்லை. வங்கி வழியாகக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் அதைத் தங்கள் வருமானத்தில் காட்டட்டும். வாடகை வருடத்துக்கு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். பொய்யாகக் காட்டி மாட்டிக்கொண்டால், ஏய்த்த வரிக்கு மேல் அதில் 200 சதவீதம் வரை அபராதம். 2025 ஜூலையில் போலி வரிக் கழிவுகளைத் தேடி வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. "ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், எனக்கு இத்தனை சதவீதம்" என்று வரும் ஏஜென்டுகளை நம்பிப் பாஸ்வேர்டைக் கொடுத்தவர்களுக்கெல்லாம் அன்று வயிற்றைக் கலக்கியது.

மனசு உறுத்துகிறவர்களுக்கு ஒரு வழியும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை, திருத்திய கணக்கை நாமாகவே மறுபடி தாக்கல் செய்யலாம். வரியும் வட்டியும் போக, எத்தனை வருடம் தாமதித்தோம் என்பதைப் பொறுத்து அவற்றின் மேல் 25, 50, 60 அல்லது 70 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். நோட்டீஸ் வருவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. எரிகோவில் காட்டத்தி மரத்திலிருந்து இறங்கிய சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்று இயேசுவிடம் சொன்னான். அவனே ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிப்பவர்களுக்கு, தலைவன், அவனுக்குக் கணக்குத் தெரியும். அவனோடு ஒப்பிட்டால் 70 சதவீதம் மலிவு என்று நான் கிளையண்டுகளிடம் சொல்வதுண்டு. சிரிப்பார்கள். செய்வது சிலர்தான்.

நானும் யோக்கியன் இல்லை. 1998-ல், பரீட்சை எழுதி முடிப்பதற்கு முன், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் லிங்கராஜபுரத்தில் அம்மா பேரில் ஒரு சின்ன வீடு கட்டியிருந்தார். நான் வாடகை என்று அம்மாவுக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கும் ரசீது எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அம்மாவிடம் நீட்டினேன். "என்னடா இது?" என்று கேட்டார். "ஆபீஸுக்கும்மா" என்றேன். மேலே எதுவும் கேட்காமல், பைபிளில் பேர் எழுதுகிற அதே நிதானத்தோடு, பன்னிரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த வருடக் கணக்கைத் திறக்க இப்போது சட்டத்தில் வழியில்லை. அம்மாவும் இல்லை.

சரி, அடுத்து தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பது.

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, தசமபாகம் கிராஸ் சம்பளத்திலா, கையில வர்ற சம்பளத்திலா?" இதற்கு வருமான வரிச் சட்டத்தில் பதில் இல்லை, போதகரைக் கேள் என்றேன். இன்னொரு கேள்விக்குச் சட்டத்தில் பதில் உண்டு: சபையில் போடும் காணிக்கைக்கு 80ஜி கழிவு, அதாவது நன்கொடைக்கான வரிக் கழிவு, கிடைக்குமா? பொதுவாகக் கிடைக்காது. ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்காக மட்டும் நடக்கும் அமைப்புக்குக் கொடுப்பது அதில் வராது. சபை நடத்தும் ஆஸ்பத்திரியோ அநாதை விடுதியோ தனியாக 80ஜி பதிவு பெற்றிருந்தால் அதற்குக் கொடுப்பது வரும். அப்போதும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை, அமைப்பிடமிருந்து நன்கொடைச் சான்றிதழும் வாங்க வேண்டும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தப் பேச்சே கிடையாது. 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறினாலும், பழகிய வாய்க்கு 80ஜிதான் வருகிறது.

அந்தத் தங்கையைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் எல்லாரையும் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பத்து சதவீதத்தைப் பைசா சுத்தமாகக் கணக்குப் போடும் ஒரு குடும்பம், கிறிஸ்துமஸுக்கு நாகர்கோவில் போகும் பதினைந்து நாளுக்கு வேலைக்கார அம்மாவின் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும். "வேலை செய்யலையே பிரதர்." உங்கள் கம்பெனி உங்களுக்கு லீவில் சம்பளம் தருகிறதே என்றால், "அது வேற" என்று பதில் வரும். ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்கள் என்று பரிசேயரை ஆண்டவர் கண்டித்த இடம் எனக்கு ஞாபகம் வரும். (ஒற்தலாம் என்றால் புதினா என்பது எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.)

வீட்டு மனை வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாக. ஹென்னூர், ஹொரமாவு பக்கம் சைட் பார்க்கப் போனால் விலைக்கு அடுத்த கேள்வி, "ஒயிட் எவ்வளவு, பிளாக் எவ்வளவு" என்பதுதான். மனை, வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். கொடுத்தவருக்கும் நட்டம்தான். நாளைக்கு அவர் அதை விற்கும்போது, கறுப்பில் கொடுத்தது வாங்கிய விலையில் சேராது, மொத்தமும் லாபமாகத் தெரியும். இதையெல்லாம் சொன்ன பிறகும் கறுப்பில் வாங்கி, புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு என்னையும் கூப்பிட்டவர்கள் உண்டு. பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. முழுப் பணத்தையும் செக்கில்தான் தருவோம் என்று நின்ற ஒரு நர்ஸ் தம்பதிக்கு வீடு கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. நேர்மையாக இருந்தால் உடனே ஆசீர்வாதம் வரும் என்று சாட்சி சொல்கிறவர்கள் இந்தப் பதினான்கு மாதத்தையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

லஞ்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான். வேறு வழியில்லாமல் கொடுக்க வேண்டி வந்தால் 7 நாளுக்குள் போலீசுக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்தால் பாதுகாப்பு உண்டு. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

இப்போது பீனியா அண்ணனிடம் வருகிறேன். பீனியா தொழிற்பேட்டையில் அவருக்கு ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை, 22 தொழிலாளிகள். சபையில் கமிட்டி மெம்பர். ஜெபத்தில் உருகுவார், அதில் நடிப்பு இல்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வரும் விளைபொருள்களை ஏலம் விடும்போது அவர் இருந்தால் களை கட்டிவிடும். ஒரு வருடம் ஒரு வாழைத்தாரை 16,000 ரூபாய்க்கு எடுத்தார். எல்லாரும் கைதட்டினோம், நானும் தட்டினேன்.

அடுத்த வாரம் அவருடைய பட்டறை வெல்டர் ஒருவர் என் ஆபீஸுக்கு வந்தார். தினமும் விடியற்காலையில் கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் வருகிறவர். அவருடைய அப்பாவும் 2001-ல் சுரங்கம் மூடியபோது வேலை போனவர். அந்த உரிமையில், "சார், நீங்க நம்ம ஊர் ஆளு, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். மனைவிக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் போனால், கணினியில் ஏழு மாதமாக இவர் பேரில் பணம் ஏறவில்லை. சம்பளச் சீட்டில் மட்டும் மாதாமாதம் பிடித்திருக்கிறது. செயினை அடகு வைத்து வெளியே ஆபரேஷன் செய்துவிட்டார். 68,000 ரூபாய்.

அவர் போன பிறகு நான் கணக்குப் போட்டேன். 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். ஆளுக்கு 720. சராசரியாக அதே சம்பளம் என்று வைத்தால் 22 பேருக்கு மாதம் 15,840 ரூபாய்.

வாழைத்தார் 16,000.

வயல்களை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதியதை நாம் அறுப்பின் பண்டிகையன்று வாசிப்பதில்லை. எந்தச் சபையிலும் வாசித்து நான் கேட்டதில்லை.

அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அவரிடம் வேலை வாங்கும் பெரிய கம்பெனி 120 நாள் கழித்துத்தான் பணம் தரும். சம்பளம், கரண்ட் பில், இரும்புக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் போனபின் மிஞ்சுவதில், யாரும் கதவைத் தட்டிக் கேட்காத ஒரே கடன் இ.எஸ்.ஐ.தான். அதனால் அது தள்ளிப்போனது. "ஏலத்துல எடுக்கலைன்னா என்ன நினைப்பாங்க பிரதர்?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது.

நான் பிரசங்கம் செய்யவில்லை, அது என் வேலையும் இல்லை. பலிபீடத்தில் காணிக்கையை வைக்கப் போகும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்ற வசனம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே பேப்பரை எடுத்தேன். ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியது. ஏழு மாதத்துக்கு 1,10,880 ரூபாய். அதற்கு வருடத்துக்கு 12 சதவீதம் வட்டி, மேலே தாமதத்துக்கான தண்டத் தொகை. அப்போதிருந்த சட்டப்படி, பிடித்த பணத்தை நேரத்துக்குக் கட்டாவிட்டால் வருமான வரியிலும் அதைச் செலவாகக் கழிக்க முடியாமல் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2022-ல் அதை உறுதி செய்திருந்தது. தொழில் செய்யும் விசுவாசிகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தொழிலாளியிடம் பிடித்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணம் உங்கள் பணம் இல்லை, ஒரு நாளுக்குக்கூட.

கூடவே அவருக்கு வர வேண்டியதையும் பார்த்தோம். குறுந்தொழிலாகப் பதிவு செய்திருந்ததால் வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். அப்படித் தராமல் நிதியாண்டும் முடிந்துவிட்டால், அந்தக் கம்பெனிக்கு அந்த வருட வரியில் அந்தச் செலவு கழியாது. இதை மரியாதையாக ஒரு கடிதமாக எழுதி அனுப்பினோம். 120 நாள் 70 நாளானது, 45 ஆகவில்லை. அந்தப் பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போடும் இடத்தில் உட்கார்ந்திருப்பவரும் ஏதோ ஒரு சபைக்குப் போகிறவராக இருக்கலாம் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பாக்கியை அண்ணன் ஐந்து மாதத்தில் கட்டி முடித்தார். வெல்டருக்கு ஆபரேஷன் செலவு 68,000-ஐயும் கொடுத்து, அடகுக்கடைக்குக் கூடவே போய்ச் செயினை மீட்டுக் கொடுத்தார். நாலத்தனை இல்லை, ஒரு மடங்குதான். அந்த வெல்டர் இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

அடுத்த வருட அறுப்பின் பண்டிகையில் அண்ணன் கடைசி வரிசையில் நின்றார். ஏலம் விடுகிறவர் இரண்டு மூன்று முறை அவர் பக்கம் பார்த்தார். அவர் ஒரு தேங்காயை 150 ரூபாய்க்கு எடுத்ததோடு சரி. சபை விருந்தான அசனப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் இலையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்: "என்ன தம்பி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, அவருக்குத் தொழில் நொடிச்சுப் போச்சாமே?"