அங்கன்வாடிக்கு எதிரே செல்போன் கோபுரம்: நான் கையெழுத்திடாத மனு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், களியக்காவிளைக்கு அடுத்துள்ள எங்கள் ஊரைச் சேர்ந்த எட்டுப் பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். அங்கன்வாடிக்கு எதிரே இருக்கும் ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் செல்போன் கோபுரம் எழுப்புவதற்காகக் குழி தோண்டியாகிவிட்டது என்றும், மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்பதற்கு மனு எழுதியிருப்பதாகவும், இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தப் பகுதிப் பிள்ளைகளைப் பார்த்துவரும் குழந்தை மருத்துவர் என்ற முறையில் நான் முதல் ஆளாகக் கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்டார்கள். மனுவை முழுவதும் படித்தேன். மூன்றாவது பத்தியில், 'இக்கோபுரத்தின் கதிர்வீச்சால் குழந்தைகளுக்குப் புற்றுநோய் உண்டாகும் என்பது மருத்துவ உலகில் நிரூபிக்கப்பட்ட உண்மை' என்று இருந்தது. அந்த ஒரு பத்தி இருக்கும் வரை என்னால் கையெழுத்திட முடியாது என்று சொன்னேன். வந்தவர்களின் முகம் வாடியதைப் பார்த்தேன். அவர்களுக்கு அன்று சொன்னதையும், நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அவர்களுடைய கவலை நியாயமானது, அது போய் நிற்கும் இடம்தான் தவறு.

'கதிர்வீச்சு' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு பொருள்களுக்கு நாம் வைத்திருப்பதிலிருந்துதான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், அணுக்கருவிலிருந்து வெளிப்படும் கதிர் ஆகியவற்றுக்கு, உடலின் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுத்து மரபுப்பொருளையே உடைக்கும் வலு உண்டு. செல்போனும் வைஃபையும் பயன்படுத்துவது வானொலி அலை. அதன் ஒரு துகளுக்குரிய ஆற்றல், நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் ஒரு துகளுக்குரிய ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அலை உடலில் செய்வதாக உறுதியாக அறியப்பட்டிருப்பது சூடாக்குவது மட்டுமே, அதுவும் போதுமான வலுவோடு வந்து விழுந்தால்தான். உலக அளவிலான வரம்புகள் அந்தச் சூட்டை வைத்தே வகுக்கப்பட்டவை: உடல் முழுவதற்கும், எடையில் ஒரு கிலோவுக்கு 4 வாட் என்ற அளவில்தான் உடல்வெப்பம் ஒரு டிகிரி அளவுக்கு உயரக்கூடும் என்று கண்டு, அதில் ஐம்பதில் ஒரு பங்கான 0.08 வாட்டைப் பொதுமக்களுக்கான எல்லையாக வைத்தார்கள்.

மனு கொடுக்க வந்தவர்களில் ஒரு தாய் எனக்கு நன்கு தெரிந்தவர். சில மாதங்களுக்கு முன்பு அவருடைய நான்கு வயது மகன் திண்ணையிலிருந்து தவறி விழுந்து தலையில் ஒரு வீக்கத்தோடு வந்தான். விழுந்தவுடன் அழுதிருக்கிறான், வாந்தி இல்லை, மயக்கம் இல்லை, என் மேசையில் இருந்த ஸ்டெதாஸ்கோப்பை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான். உடனே ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று வீட்டார் அனைவரும் வற்புறுத்தினார்கள். சில மணி நேரம் அங்கேயே வைத்துக் கவனித்து, வீட்டில் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பியதில் அவர்களுக்கு மனத்தாங்கல்கூட ஏற்பட்டது. தலைக்கு ஒரு முறை சி.டி. ஸ்கேன் எடுத்தால் சுமார் 2 மில்லிசீவர்ட் (உடலில் சேரும் இத்தகைய கதிரை அளக்கும் அலகு) கதிர் உடலில் சேர்கிறது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஓராண்டு முழுவதும் இயற்கையாகச் சேரும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். ஐரோப்பாவின் 9 நாடுகளில் சிறுவயதில் ஸ்கேன் எடுத்த ஏறத்தாழ ஒன்பதரை லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2023-இல் வெளியான ஆய்வு, பத்தாயிரம் குழந்தைகளுக்கு ஒரு ஸ்கேன் எடுத்தால் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்களில் ஒருவர் அல்லது இருவருக்கு அதன் காரணமாக இரத்தப் புற்றுநோய் வரக்கூடும் என்று கணக்கிட்டது. தேவைப்படும் குழந்தைக்கு ஸ்கேன் உயிர் காக்கும், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் கதிருக்குப் பயப்பட வேண்டிய இடம் எது என்று கேட்டால், தேவையில்லாமல் கேட்டு வாங்கும் ஸ்கேன்தான் என்பேன்.

நம் மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலையும் அன்று ஒருவர் குறிப்பிட்டார். அங்கும், வடக்கே கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் மோனசைட் மணலில் உள்ள தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்தால் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம் என்பது உண்மை. அது அணுக்கருவின் கதிர், கோபுரத்தின் அலையோடு அதற்கு உறவே இல்லை. கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்த ஆய்வு 2009-இல் வெளியானபோது, அந்த மணலின் கதிரால் புற்றுநோய் கூடியதற்கான சான்று கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி கோபுரத்துக்கு வருவோம். முட்டம் கலங்கரை விளக்கத்தை இரவில் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அதன் ஒளிக்கற்றை கடல்மேல் வெகுதொலைவு செல்கிறது, விளக்கின் அடியில் நிற்பவர்மேல் அது விழுவதில்லை. கோபுரத்தின் உச்சியில் உள்ள ஆன்டெனாவும் பெரும்பாலும் அப்படித்தான் பக்கவாட்டில் வீசுகிறது. தொலைவு கூடக்கூட அலையின் வலு மிக வேகமாகக் குறைகிறது, பத்து மடங்கு தள்ளிப் போனால் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல், கோபுரங்களுக்கான எல்லை பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பன்னாட்டு வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட், நம் நாட்டில் அப்போது வைத்தது 0.45 வாட்.

கோபுரத்தை எண்ணி உறக்கமிழக்கும் வீட்டில், செல்போன் குழந்தையின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அலையை அனுப்பும் இன்னொரு கருவி அது, அதற்கும் குழந்தையின் மூளைக்கும் இடையே உள்ள தொலைவு சில சென்டிமீட்டர். இதில் எல்லையோர ஊர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பத்துகாணி, ஆறுகாணிப் பக்கம் மலைமடிப்பில் உள்ள வீடுகளில் சிக்னல் ஒரு கோடுதான் நிற்கும். முன்னறையில் தமிழ்நாட்டுத் தொலைபேசி வட்டம், அடுக்களையில் கேரள வட்டம் என்று போன் மாறி மாறித் தேடிக்கொண்டிருக்கும். கோபுரம் அருகில் இருந்தால் போன் மெல்லப் பேசும். தொலைவில் இருந்தால், ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல் உரக்கக் கத்த வேண்டியிருக்கும், அதாவது தன் வலுவை முழு அளவுக்கு உயர்த்திக்கொள்ளும். 4ஜி போனுக்கு அந்த முழு அளவு சுமார் 0.2 வாட், நல்ல சிக்னலில் அதில் மிகச் சிறு பங்கே போதும். ஆகவே கோபுரத்தை ஊருக்கு வெளியே வெகுதொலைவுக்குத் துரத்தினால், காதோடு போனை ஒட்டிப் பேசும் பிள்ளையின் தலையில் படியும் அலை கூடவே செய்யும். எட்டுப் பேரில் இதை முன்பு கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை.

மனுவின் மூன்றாவது பத்தி எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011 மே மாதத்தில் வானொலி அலைகளை 2பி என்ற பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம் என்ற பிரிவில் சேர்த்தது. போனை மிக அதிகமாகக் காதில் வைத்துப் பேசியவர்களிடம் ஒருவகை மூளைக்கட்டி சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததே அதற்குக் காரணம், கோபுரங்கள் அல்ல. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. வாட்ஸாப்பில் வரும் எலி ஆய்வும் உண்மையானதுதான். 2018-இல் முடிவு வெளியான அந்த அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு 9 மணி நேரம் வீதம் இரண்டாண்டுகள் உடல் முழுவதும் வலுவான அலை பாய்ச்சப்பட்ட ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் தென்பட்டன. அந்த எலிகள், அலை படாத எலிகளைவிட நீண்ட நாள் வாழ்ந்தன என்ற பகுதியை யாரும் பகிர்வதில்லை. நம் பிள்ளைகளுக்கு இவற்றைவிட நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு: இந்தியா உள்ளிட்ட 14 நாடுகளில், 10 முதல் 24 வயது வரையிலான மூளைக்கட்டி நோயாளிகள் 899 பேரை, நோயில்லாத 1,910 பேரோடு ஒப்பிட்டு, 2021 இறுதியில் வெளியானது. போன் பயன்பாட்டுக்கும் கட்டிக்கும் காரண உறவு இருப்பதாக அதில் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2024-இல் வெளியான மதிப்பீடும் அதே முடிவுக்கு வந்தது.

அப்படியானால் எச்சரிக்கையே வேண்டாமா என்றால், வேண்டும். குழந்தையின் மண்டையோடு மெல்லியது, மூளையில் நீர்ச்சத்து அதிகம். போனைக் காதில் வைத்தால் அலை மூளையில் படியும் சராசரி அளவு பெரியவர்களைவிட இரு மடங்கு வரை கூடலாம் என்று அதே புற்றுநோய் முகமை பதிவு செய்திருக்கிறது. இன்று பிறக்கும் குழந்தை எழுபது, எண்பது ஆண்டுகள் இந்தக் கருவிகளுக்கிடையே வாழப்போகிறது. செலவில்லாமல் செய்யக்கூடிய கவனம் இருக்கும்போது அதைச் செய்யாமல் விடக் காரணம் இல்லை.

என் புறநோயாளிப் பிரிவில் நான் அன்றாடம் காணும் தீங்குகள் வேறு வகையைச் சேர்ந்தவை. பதினொரு வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா அழைத்து வந்தார். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஏற்கெனவே ஒரு கோபுரம் உண்டு. "டாக்டரே, டவர் வச்ச பொறவுதான் எனக்க பிள்ளைக்கு இந்தத் தலவலி. ராத்திரி அந்தச் செவப்பு லைட்டைக் கண்டாலே எனக்கு நெஞ்சு அடிக்குது" என்றார். எதிர்ச் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைப் படிக்கச் சொன்னேன். பெரிய எழுத்தில் இருந்த தேதியைப் பையன் சொன்னான், அதன் கீழே இருந்த நல்ல நேரம், ராகு காலம் என்ற வரிகளுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றான். அதே பெஞ்சில் அமர்ந்திருந்த அம்மாவோ அவற்றைத் தடையின்றிப் படித்தார். மெல்ல விசாரித்தபோது, இரவு பன்னிரண்டு வரை போர்வைக்குள் போனில் விளையாட்டு, காலையில் ஒரு கட்டன் சாயாவோடு பள்ளிக்கூடம் என்று தெரிந்தது. கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்து மூளையில் அழுத்தம் இருப்பதற்கான அறிகுறி ஏதுமில்லை என்று சொன்னார். இரு கண்ணிலும் கிட்டப்பார்வை, கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் கழித்து, வாரத்துக்கு நான்கு நாள் வந்த வலி மாதத்துக்கு இரண்டு முறையாகக் குறைந்திருந்தது. அந்தத் தாய் இன்றும் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் ஜன்னலை அடைத்துவிடுகிறார். அவருடைய நெஞ்சுப் படபடப்பு நடிப்பு அல்ல. அலையால் உபாதை வருவதாகச் சொல்லும் 725 பேரைக் கொண்டு நடந்த 31 சோதனைகளைத் தொகுத்து 2005-இல் வந்த மதிப்பீட்டில், அலை இருக்கிறதா இல்லையா என்பதை அவர்களால் உணர முடிந்ததற்கு உறுதியான சான்று இல்லை, ஆனால் அவர்களின் உபாதை மெய்யானதாகவே இருந்தது.

காலையில் எழும்போதே வாந்தியோடு தலைவலி, உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, நடையில் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், கோபுரத்தைப் பற்றிய பேச்சையே ஒதுக்கிவிட்டு அன்றே குழந்தையை மருத்துவரிடம் கொண்டு வர வேண்டும். 'டவர் வலி' என்று வீட்டில் பெயர் வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் எனக்கு மிகுந்த அச்சம் தருகிறது.

போனைக் காட்டிச் சோறூட்டப்பட்டு, இரண்டரை வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தைகள் வாரந்தோறும் வருகிறார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்கிறது, இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. உறவினரோடு பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பாவின் முகத்தைக் குழந்தை அப்படித்தான் பார்க்கிறது என்பதால், எங்கள் பகுதித் தாய்மாரிடம் இந்த விலக்கை நான் தவறாமல் சொல்லிவிடுவேன்.

வீட்டில் செய்ய வேண்டியது மிக எளியது. இரவில் போன் குழந்தை படுக்கும் அறைக்கு வெளியே இருக்கட்டும். பிள்ளை பேசும்போது ஸ்பீக்கரிலோ கம்பி வைத்த இயர்போனிலோ பேசட்டும், சிக்னல் ஒரு கோடு நிற்கும் இடத்தில் பேச்சைத் தள்ளிப் போடலாம். பாட்டோ பாடமோ காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே இறக்கி வைத்து, விமானப் பயன்முறையில் போட்டுக் கொடுக்கலாம். இந்தியாவில் விற்கும் போன்களுக்கு ஒரு கிராம் திசுவுக்கான சராசரியில் கிலோவுக்கு 1.6 வாட் என்பது எல்லை. நட்சத்திரக் குறி, அதை அடுத்துக் கட்டக் குறி, பிறகு 07, மீண்டும் கட்டக் குறி என்று (*#07#) அழுத்தினால் பெரும்பாலான போன்களில் அந்தப் போனின் அளவு திரையில் வரும். கதிரைத் தடுக்கும் என்று விற்கும் ஸ்டிக்கர்களை வாங்காதீர்கள். அவை ஆன்டெனாவை மறைத்தால் போன் இன்னும் உரக்கப் பேச நேரும்.

மனுவை அன்றே என் மேசையில் வைத்து மாற்றி எழுதினோம். மூன்றாவது பத்தியை நீக்கிவிட்டு, கோபுரம் இயங்கத் தொடங்கியதும், அலை எல்லைக்குள் இருப்பதாக நிறுவனம் தரும் சுயசான்றின் நகலை ஊராட்சிக்கு வழங்க வேண்டும், டீசல் ஜெனரேட்டரின் புகையும் இரைச்சலும் அங்கன்வாடிப் பக்கம் திரும்பாமல் அமைக்க வேண்டும், சுற்றுவேலியும் இடிதாங்கியும் அடித்தளத்தின் உறுதியும் சரிபார்க்கப்பட வேண்டும் என்று எழுதினோம். புகையும் இரைச்சலும் அன்றாடம் அந்தப் பிள்ளைகளின் மூச்சையும் தூக்கத்தையும் தொடும் விஷயங்கள், பழைய மனுவில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதன் கீழ் நான் கையெழுத்திட்டேன். இரண்டு பேர் ஒப்புக்கொள்ளாமல் எழுந்து போனார்கள், அவர்களோடு மீண்டும் பேசுவேன்.

தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் 4,000 ரூபாய் கட்டினால், நாம் கேட்கும் இடத்தில் வந்து அலையின் அளவை அளந்து தருவார்கள். அதற்கான பணம் வீட்டுக்கு நூறு, இருநூறு என்று வசூலாகி, அங்கன்வாடிப் பணியாளரிடம் இருக்கிறது. பிள்ளைகள் மதியம் உறங்கும் அறையின் நடுவில் வைத்து அளக்கச் சொல்ல வேண்டும் என்றும், வரும் அளவு எதுவானாலும் அந்தத் தாளை வாசற்கதவில் ஒட்டுவது என்றும் முடிவு செய்திருக்கிறோம்.