மேகசினைக் கழட்டியாச்சே என்று சொல்பவர்களுக்கு

போன சனிக்கிழமை எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சில், ஐந்தாவது லேனில் மறுபடியும் அதே கதை. ஒருவர் கார்பைன் என்ற குட்டை ரைஃபிளிலிருந்து மேகசினை, அதாவது தோட்டா டப்பாவை உருவி, கையிலிருந்த க்ளாக் பிஸ்டலில் செருகினார். கார்பைனை மேஜைமேல் போட்டார். குழல் பக்கத்து லேன்காரரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. "சார், போல்ட்டை இழுங்க" என்றேன், குழலின் பின்வாயை அடைக்கும் துண்டைக் காட்டி. "அதான் மேகசினைக் கழட்டியாச்சே!" முறைத்துக்கொண்டே இழுத்தார். 9 எம்எம் தோட்டா ஒன்று துள்ளி வந்து என் ஷூ பக்கத்தில் உருண்டது. இந்த வருஷத்தில் இது நான்காவது தடவை.

டெக்சஸில் ரேஞ்ச் சேஃப்டி ஆபீசராக இருக்கிறேன். பிஸ்டலுக்கும் கார்பைனுக்கும் ஒரே மேகசின் என்ற ஜோடியைத் தேடி வருகிறவர்கள் நிறைய. யோசனையில் தப்பில்லை, புதிதும் இல்லை. 1873 வின்செஸ்டரும் கோல்ட் ரிவால்வரும் ஒரே .44-40 தோட்டாவைப் பங்கு போட்டவைதான்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மேகசின் ஒரு டப்பா, அவ்வளவுதான். போல்ட் மூடியதுமே முதல் தோட்டா டப்பாவை விட்டுக் குழலுக்குள் போய்விட்டது. ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்தது அந்த இடத்துக்கு வந்துவிடும். பாதியில் டப்பாவை உருவினால் உள்ளே ஒன்று மிச்சம். ட்ரிகரை இழுத்தால் அது வெடிக்கும். க்ளாக்குக்கு மேகசின் இல்லாததெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தனித்தனி மேகசின் வைத்திருப்பவர் இப்படி மாற்றிக்கொண்டே இருக்க மாட்டார். உங்கள் கை மட்டும் பழக்கத்தில் டப்பாவை மாற்றும், குழலை மறக்கும்.

துப்பாக்கியைக் காலி செய்யும் வரிசையையும் மாற்றாதீர்கள். முதலில் மேகசின், அப்புறம் போல்ட். போல்ட்டை முதலில் இழுத்தால் ஒன்று வெளியே வரும், இன்னொன்று உள்ளே போகும். போல்ட்டைப் பின்னால் பூட்டி, குழலில் தோட்டா உட்காரும் இடமான சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவுங்கள்.

சரி, எதை வாங்குவது? கையில் எந்தப் பிஸ்டல் இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். ரூகர் பிசி கார்பைனில் மேகசின் நுழையும் பகுதியை மாற்றி ரூகர் மேகசினோ க்ளாக் மேகசினோ போடலாம். பெரெட்டா 92 வைத்திருப்பவர் சிஎக்ஸ்4 ஸ்டார்மைப் பார்க்கலாம். கெல்-டெக் சப்-2000 இரண்டாக மடியும், பையில் அடங்கும். ஆனால் கடைசித் தோட்டா தீர்ந்தாலும் அதன் போல்ட் தானாகப் பின்னால் நிற்காது. மடித்தால் குழல் உங்கள் பக்கமே திரும்பும். புதிதாகத் துப்பாக்கி பிடிப்பவரை அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

"க்ளாக் மேகசின் எடுக்கும்" என்று பெட்டியில் போட்டிருந்தால் எல்லா க்ளாக்கும் என்று அர்த்தமில்லை. க்ளாக் 43எக்ஸ் மாடலின் ஒல்லி மேகசின் அதில் சேராது. க்ளாக் 17-இன் மேகசின் 19-இல் நீட்டிக்கொண்டு நிற்கும், வேலை செய்யும். 19-இனுடையது 17-க்கு எட்டாது. இடதுகைக்காரர் மேகசினை விடுவிக்கும் ரிலீஸ் பட்டனை வலப்பக்கம் மாற்றினால், ஒரு பக்கம் மட்டும் பள்ளம் வெட்டிய பழைய மேகசின் பிடிக்காமல் கீழே விழும். வீட்டில் .40 காலிபர் க்ளாக்கும் இருக்கிறதா? அதன் மேகசின் பார்க்க அப்படியே 9 எம்எம் மேகசின் மாதிரி. தயவுசெய்து அடியில் பெயின்ட் அடித்து வையுங்கள். 9 எம்எம் தோட்டா .40 சேம்பரில் வெடித்து, கூடு கிழிந்து வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நீளக் குழல் தோட்டாவுக்குக் கொஞ்சம் வேகம் தரும், அதை ரைஃபிள் தோட்டா ஆக்கிவிடாது. சத்தமும் உங்கள் காது தாங்குகிற சத்தமில்லை, காதுக்கவசம் போடுங்கள். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி பக்கம் குடி பெயர்ந்தால் பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசின் சட்டவிரோதம். மூட்டை கட்டும் முன்னரே பாருங்கள்.

அப்புறம் வீடு. "மேகசின் பிஸ்டலில் இருக்கு, இது காலிதான்" என்று கார்பைனை அலமாரியில் சாய்த்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா? இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள், பிள்ளைகள் தூங்கியபிறகு, குழலை ஆள் இல்லாத பக்கம் பிடித்து. பிறகு இரண்டையும் பூட்டுங்கள். காலி என்று தெரிய சேம்பரில் செருகி வைக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் கொடி எங்கள் கவுன்ட்டரில் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது. கேட்டால் கொடுப்போம், காசு வாங்குவதில்லை.