வைப்புக் காப்பீடு: சொல்லும் பொருளும்

வங்கி முறிந்தால் பணம் போட்டவருக்கு ஈடு கிடைக்கச் செய்யும் ஏற்பாட்டை ‘வைப்பு உத்தரவாதம்’ என்றும் ‘வைப்புக் காப்பீடு’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

டெபாசிட் என்பது ‘கீழே வைத்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழின் ‘வைப்பு’ம் ‘வை’ என்னும் வினையடியாகப் பிறந்ததே. ஒருவன் தன் செல்வத்தைச் சேர்த்து வைக்கும் இடத்தை வள்ளுவர் ‘பொருள்வைப் புழி’ (226) என்கிறார். ஆகவே வைப்பு நேற்று ஆக்கிய கலைச்சொல் அன்று.

சிக்கல் அடுத்த சொல்லில்தான் இருக்கிறது. உத்தரவாதம் வடசொல்; பிறர் கடனுக்குத் தான் பொறுப்பு என்று நிற்பதைக் குறிக்கும். அதற்குத் தமிழில் ‘பிணை’ என்ற பழஞ்சொல் உண்டு. காப்பீடோ காப்பும் ஈடும் சேர்ந்தது: பிரீமியம் பெற்றுக்கொண்டு, நேர்ந்த இழப்புக்கு ஒரு வரம்பு வரை ஈடு தருவது. ஈழத்தமிழர் இதையே காப்புறுதி என்பர்.

1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி முறிந்ததை அடுத்து, 1962 ஜனவரி 1 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது காப்பீடே. கடன்களுக்குப் பிணை நிற்கத் தனியே இருந்த நிறுவனம் 1978இல் இந்தக் காப்பீட்டை நடத்திய நிறுவனத்தோடு இணைந்ததால்தான், இன்று இதை நடத்தும் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான கழகத்தின் (DICGC) பெயரில் ‘வைப்புத்தொகைக் காப்பீடு’, ‘கடன் உத்தரவாதம்’ என இரண்டும் இடம்பெற்றன. அந்த நீண்ட பெயரைச் சுருக்கும் அவசரத்தில் உத்தரவாதம் வைப்பின் பக்கம் தாவிவிட்டது போலும்.

தொடக்கத்தில் 1,500 ரூபாயாக இருந்த வரம்பு 2020 பிப்ரவரியில் 5 லட்சமானது. பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது. வாடிக்கையாளரிடம் அதை வசூலிக்க முடியாது. ஒருவருக்கு ஒரே வங்கியின் இரு கிளைகளில் அசலாக 4,80,000 ரூபாயும் வட்டியாக 30,000 ரூபாயும் இருந்தால், அனைத்தையும் கூட்டி 5,00,000 மட்டுமே கழகம் தரும். எஞ்சிய 10,000 வங்கியின் சொத்துகளை விற்றுக் கிடைப்பதைப் பொறுத்தது. வேறொரு வங்கியில் அவர் வைத்திருக்கும் பணத்துக்குத் தனி வரம்பு உண்டு. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களிலும் நிதி நிறுவனங்களிலும் போட்ட பணம், ரசீதில் ‘டெபாசிட்’ என்றே அச்சிட்டிருந்தாலும், இந்தக் காப்பீட்டுக்குள் வராது.