கையைச் சுற்றினால் வேகம் வராது, தம்பி

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டதும், என் பிசியோதெரபி அறைக்கு வேகப்பந்து போடும் பையன்களின் வரவு கூடிவிடும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். மண்டபம், பாம்பன், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று கடற்கரை நெடுக ஊருக்கு ஊர் தொடர் போட்டி, சுழற்கோப்பை. ஒருவனுக்குத் தோள் வலி, இன்னொருவனுக்கு இடுப்பு வலி. இதெல்லாம் ஆண்டுதோறும் பார்ப்பதுதான். ஆனால் இந்த முறை கீழக்கரைப் பக்கமிருந்து வாப்பாவோடு வந்த பதினாறு வயதுப் பையன் சொன்னதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

"வலியோட எதுக்குப்பா தொடர்ந்து போட்ட?"

"காக்காதான் சொன்னாக சார். ஸ்பீடு குறையுது, கையை இன்னும் வேகமா சுத்துன்னு. சுத்தச் சுத்தப் பழகிரும்னாக."

காக்கா என்று அவன் சொன்னது அவன் அணியை நடத்தும் அண்ணனை. பையனுக்கு வலி கையில் இல்லை. இடுப்பில், அதுவும் இடது பக்கம். அவன் வலது கைப் பந்துவீச்சாளன். நிற்க வைத்துப் பின்னால் வளையச் சொன்னதுமே முகம் சுருங்கியது. அது என்ன வலி என்று கீழே சொல்கிறேன். முதலில் அந்தக் காக்காமார்களிடமும் அண்ணன்மார்களிடமும் பேச வேண்டியிருக்கிறது.

"கையை வேகமாகச் சுற்று" என்பது தவறான அறிவுரை. அரைகுறை உண்மைகூட அதில் இல்லை. வேகம் ஓட்டத்தில் பிறக்கிறது. ஓடிவந்த வேகத்தோடு முன்காலை ஊன்றும்போது, முழங்கால் தொய்யாமல் நிமிர்ந்து தாங்கினால் உடலின் கீழ்ப்பாதி நிற்கும், மேல்பாதி நிற்காமல் முன்னே போகும். இடுப்பு திரும்பும். அது நெஞ்சை இழுக்கும், நெஞ்சு தோளை இழுக்கும், தோள் கையை இழுக்கும். மணிக்கட்டும் விரல்களும் கடைசி. கை இந்த வரிசையின் வால். வால் தனக்குத்தானே ஓட முடியாது. வீச்சுவலை எறிபவரைப் பாருங்கள். இடுப்பைத் திருப்பி, காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் கொடுத்து எறிகிறார். கை வலையை விடுகிறது, அவ்வளவுதான். கையால் மட்டும் எறிந்தால் வலை விரியாது என்று நம் கரையில் சின்னப் பையனுக்கும் தெரியும். அதே பையன் பந்தைக் கையில் வாங்கியதும் இதை மறந்துவிடுகிறான்.

கை தனியாக அவசரப்பட்டால் நடப்பது இதுதான். நெஞ்சு திரும்பும் முன்பே கை மேலே வந்துவிடும், பந்து முன்கூட்டியே விடுபட்டு ஃபுல்டாஸ் ஆகும். கேப்டன் திட்டுவார். அடுத்த பந்தில் பையன் பந்தை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, தலையை இடது பக்கம் சாய்த்து, முதுகை வளைத்து, இழுத்துப் போடுவான். அது ஷார்ட் பாலாக விழும், அல்லது லெக் சைடில் வைடு போகும். வேகம் கூடியிருக்காது. கூடியது முதுகின் மேல் விழுந்த பாரம் மட்டும்.

நம்பாதவர்கள் ஒன்று செய்து பாருங்கள். நின்ற இடத்திலிருந்து, முழுப் பலத்தோடு கையைச் சுற்றி ஆறு பந்து. பிறகு இயல்பாக ஓடிவந்து, கையைத் தளரவிட்டு, முன்காலை உறுதியாக ஊன்றி ஆறு பந்து. எது பலமாக வந்தது என்று கீப்பரைக் கேளுங்கள்.

நம் மண்ணும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம். கடற்கரை மணலில் ஆடும் பையனுக்கு முன்கால் ஊன்ற இடமில்லை. கால் புதைகிறது, ஓடிவந்த வேகம் மணலோடு போகிறது. மிச்சத்தைக் கையால் ஈடுகட்டப் பார்க்கிறான். அப்படிப் பழகிய உடம்போடு அடுத்த வாரம் வறண்ட கண்மாய்க்குள் ஆடப் போகிறான். அங்கே வெயிலில் காய்ந்த தரை சிமெண்டு போல இருக்கும். வேகப்பந்து வீச்சில் முன்கால் ஊன்றும் கணத்தில் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப்போல ஐந்து மடங்கும் அதற்கு மேலும் போகும். மணலில் பழகிய காலுக்கு அதைத் தாங்கத் தெரியாது, முதுகு வாங்கிக்கொள்கிறது. மணலில் ஆடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மணலில் முழு வேகத்தில் போடாதீர்கள். அங்கே அரை ஓட்டத்தில், குறி பார்த்துப் போட்டால் போதும்.

"டென்னிஸ் பால்தானே சார், என்ன ஆகிவிடும்?" இதையும் தினமும் கேட்கிறேன். டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். சரி, நூறு கிராம் வித்தியாசம். ஆனால் 60 கிலோ எடையுள்ள பையனின் ஒரு கை மட்டும் ஏறத்தாழ 3 கிலோ. பந்து விடுபட்ட பிறகு தோளின் பின்பக்கத் தசைகள் பிரேக் போட்டு நிறுத்துவது பந்தை அல்ல, அந்த 3 கிலோ கையை. பந்து லேசாக இருப்பதால் இன்னும் மூர்க்கமாகச் சுற்றுகிறான், பிரேக்குக்கு வேலை கூடுகிறது. இரவெல்லாம் நாட்டுப்படகில் வலை இழுத்துவிட்டு வரும் பையனுக்கு அந்தத் தசைகள் ஏற்கெனவே களைத்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கையைப் பக்கவாட்டில் இறக்கி வீசும் இலங்கை வேகப்பந்து வீச்சாளர் மாலிங்கா. கடலுக்கு அந்தப் பக்கம், காலிக்கு அருகே ரத்கமவில், மணலில் மென்பந்து போட்டு வளர்ந்தவர். அதனால் நம் பையன்களுக்கு அவரைச் சொந்த ஊர்க்காரர் போலத் தோன்றுகிறது. இப்போது அதே முறையில் வீசும் இலங்கையின் பதிரனாவும் சேர்ந்துகொண்டார். அவர்களுடையது சிறுவயதிலேயே இயல்பாக அமைந்த முறை, அதைத் தாங்குகிற உடம்பும் கூடவே வளர்ந்தது. அப்படிப்பட்ட மாலிங்காவே முழங்கால் தேய்மானத்தால் 2011-இல் டெஸ்ட் போட்டிகளை விட்டார். பதினைந்து வயது வரை நேராகக் கையைத் தூக்கிப் போட்டவன் யூடியூப் பார்த்துவிட்டு ஒரே வாரத்தில் கையைப் பக்கவாட்டுக்கு இறக்கினால், எந்தத் தோளும் தாங்காது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

இனி கை எப்படி வர வேண்டும் என்று பார்ப்போம். வலது கைக்காரர்களுக்குச் சொல்கிறேன், இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

யாரும் கவனிக்காதது பந்து இல்லாத இடது கை. அது முகத்துக்கு நேரே உயர்ந்து போய், பிறகு பலமாக விலாப்பக்கம் இறங்க வேண்டும். அது இறங்கினால்தான் வலது தோள் தானாக மேலேறி முன்னே வரும். இடது கையைச் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு "கை மேலே வரமாட்டேங்குது சார்" என்பவர்களே அதிகம். வலது கையை நான் தொடுவதே இல்லை. இடது கையைச் சரிசெய்தால் பாதிப் பேருக்கு வலது கை சரியாகிவிடுகிறது.

பந்தை உள்ளங்கையில் அமுக்காதீர்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேலே, கட்டைவிரல் கீழே; பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். பிடி தளர்வாக இருக்கட்டும். இறுகப் பிடித்தால் முன்கை இறுகும், மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். பந்து விடுபடும்போது மணிக்கட்டு பந்தின் பின்னால் நேராக இருக்க வேண்டும், பக்கத்தில் விழக்கூடாது. கடைசியாகப் பந்தைத் தொடுவது அந்த இரண்டு விரல் நுனிகள். தலை நிமிர்ந்து, கண் குறியில். டென்னிஸ் பந்தின் நடுவே மின்சார டேப்பை ஒரு கோடாகச் சுற்றிப் போட்டுப் பாருங்கள். கோடு நேராக நின்று சுழன்றால் மணிக்கட்டு சரி. தள்ளாடினால் மணிக்கட்டு விழுகிறது. இதற்குப் பயிற்சியாளர்கூட வேண்டாம்.

பந்தை விட்டபின் கையை நிறுத்தாதீர்கள். அது உடலின் குறுக்கே இறங்கி இடது தொடையைத் தாண்டிப் போகட்டும். நெஞ்சும் கூடவே குனியட்டும், கால்கள் நாலைந்து எட்டு ஓடி அடங்கட்டும். பந்தை விட்டதுமே கையை வெட்டி நிறுத்துபவர்களின் தோளைத்தான் நான் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பழைய சைக்கிள் ட்யூபை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்பக்கமாக இழுத்துப் பழகுங்கள். மெதுவாக விடுங்கள். அந்த மெதுவாக விடுவதில்தான் பிரேக் தசை வளர்கிறது.

இன்னொன்று, பின்கால் ஊன்றும்போது இடுப்பும் தோளும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். இரண்டும் பேட்ஸ்மேனைப் பார்க்கலாம், இரண்டும் பக்கவாட்டில் இருக்கலாம். இடுப்பு ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் முறுக்கிக்கொண்டால் முதுகெலும்பு பிழிபடுகிறது. பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் செல்போனில் ஸ்லோமோஷன் எடுத்து, பின்கால் ஊன்றும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ரீல்ஸ் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. தவறு தெரிந்தால் மாற்ற முடியும். நம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர்தான். 2015-இல் ரஞ்சிக் கோப்பைக்குள் வந்ததும் அவர் பந்துவீச்சு முறை விதிக்கு உட்பட்டதா என்று சந்தேகத்துக்குள்ளானது. பொறுமையாகத் திருத்திக்கொண்டு இந்தியாவுக்கு ஆடினார். பொறுமையாக என்பதைக் கவனியுங்கள். இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் யாரும் முறையை மாற்ற வேண்டாம்.

ஓவர் கணக்குக்கு வருகிறேன். பத்து மாதம் எப்போதாவது போட்டுவிட்டு, தடைக்காலத்தில் தினமும் மூன்று மேட்ச். அதோடு மாலையில் "சும்மா" ஒரு மணி நேரம். உடம்பு இந்தத் திடீர் ஏற்றத்தில்தான் உடைகிறது. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு நெடுங்காலமாக வைத்திருந்த வரம்பு: 13 வயது வரை தொடர்ச்சியாக 5 ஓவர், நாளுக்கு 10; 14, 15 வயதில் 6 ஓவர், நாளுக்கு 12; அதற்கு மேல் 19 வயது வரை 7 ஓவர், நாளுக்கு 18. பயிற்சியில் போடுவதும் கணக்குதான். மார்ச்சிலேயே மெல்லத் தொடங்குங்கள். அண்ணன்மார்களே, நன்றாகப் போடுகிறான் என்பதற்காக ஒரே பையனை மூன்று அணிக்கு இரவல் கொடுக்காதீர்கள்.

இப்போது அந்த இடுப்பு வலி. பதின்வயது வேகப்பந்து வீச்சாளனுக்கு, பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், கீழ்முதுகில், பின்னால் வளைந்தால் கூடுகிற வலி இருந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை முதுகெலும்பு விரிசல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த எலும்பு இருபது வயது தாண்டும்வரை முழுமையாக முற்றுவதில்லை. இது சாதாரணப் பிடிப்பு அல்ல. எண்ணெய் தேய்த்து உருவி விடாதீர்கள், முதுகில் ஏறி மிதிக்க வைக்காதீர்கள். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று நிம்மதி அடையவும் வேண்டாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐ தேவைப்படும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973-இல் இதே முதுகு விரிசல் வந்தது, வீசும் முறையையே மாற்றிக்கொண்டு திரும்பினார். அவரைத்தான் பிறகு 1987-இல் சென்னையில் தொடங்கிய எம்ஆர்எஃப் வேகப்பந்துப் பயிற்சி மையத்துக்கு அழைத்து வந்தார்கள். அதே நாட்டின் பேட் கம்மின்ஸ் 18 வயதில், 2011-இல் முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்த டெஸ்ட் 2017-இல்தான். இடையில் அவரைத் திரும்பத் திரும்ப நிறுத்தியது முதுகு.

மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்குவதை உடனே நிறுத்துங்கள். வலி மறையும், விரிசல் வளரும். மே மாத வெயிலில் தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.

விரிசல் உறுதியானால் பந்துவீச்சு குறைந்தது மூன்று மாதம் கிடையாது, பலருக்கு ஆறு மாதம். பேட்டிங், ஃபீல்டிங் எப்போது என்பதையும் சிகிச்சை தருபவர்தான் சொல்ல வேண்டும். வலி போன நாளிலிருந்து பந்து எடுக்காதீர்கள். முதலில் வயிறு, இடுப்புத் தசைகளுக்கான பயிற்சி, பிறகு வலியில்லாத ஓட்டம், பிறகு நின்ற இடத்திலிருந்து இரண்டு ஓவர், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் நான்கு எட்டு வைத்து. முழு ஓட்டம் எல்லாவற்றுக்கும் கடைசி. கீழக்கரைத் தம்பிக்கு இந்த அட்டவணையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவன் வாப்பாவிடம் ஒரு பிரதி, அணியின் காக்காவுக்கும் ஒரு பிரதி.