மோட்டார் ஓடும், மூக்கு ஓடாது

வெளிநாட்டு வேலைக்குப் போகும் பையன்களுக்கு மன்னார்குடியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் பம்பு ஒன்றில் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் பலகையில் எழுதினேன்: 'டூ நாட் ரன் ட்ரை.' நீடாமங்கலத்துப் பையன் பட்டென்று சொன்னான்: "காய்ஞ்ச தரையில ஓடக் கூடாது சார்."

பின்வரிசை சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் நோட்டிலும் அதேதான் இருந்தது.

"உங்க போர்ல தண்ணி ஏறலன்னா அப்பா என்ன செய்வாரு?" என்று கேட்டேன். "உடனே மோட்டார நிறுத்திடுவாரு சார். தண்ணியில்லாம ஓடுனா சூடேறி சீல் போயிடும்." எச்சரிக்கை சொல்வதும் அதையேதான். விஷயம் சின்ன வயதிலிருந்தே தெரியும். 'ரன்' என்றால் 'ஓடு' என்ற பள்ளிக்கூட மனப்பாடம்தான் குறுக்கே நின்றது.

1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் 'செட்' என்ற வினைக்கு 430 பொருள். பிறகு திருத்தியபோது 'ரன்' 645 பொருளோடு அதைத் தாண்டிவிட்டது. யாரும் இதை உருப்போட முடியாது, வேண்டியதும் இல்லை. நம் 'ஓடு' மட்டும் என்ன, சும்மாவா இருக்கிறது? மோட்டார் ஓடுது, படம் ஓடுது, பொழப்பு ஓடுது, மனசுல என்னமோ ஓடுது. ஆனால் இரண்டும் கடைசிவரை சேர்ந்து போகாது. ஆங்கிலத்தில் ரன் ஆகும் மூக்கு நமக்கு ஒழுகும், துணியில் சாயம் போகும், காய்ச்சல் அடிக்கும், கடையை நடத்துவோம், காவிரி தஞ்சாவூர் வழியே பாயும். தேர்தல்தான் வேடிக்கை. அமெரிக்காவில் ஓடுகிறார்கள், இங்கிலாந்தில் நம்மைப் போலவே நிற்கிறார்கள்.

ஆகவே 'ரன்' காதில் விழுந்தால் எது ரன் ஆகிறது, பின்னால் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பாருங்கள். 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏறிவிட்டது. 'ரன் இன்டூ' என்றால் எதிர்பாராமல் ஆளைப் பார்த்தது, இல்லை எதன் மீதோ மோதியது. 'ரன்னிங் லேட்' என்பவர் ஓடிவரவில்லை, வரத் தாமதமாகும் என்கிறார்.

என்னிடம் படித்துப் போன ஒருவனிடம் சூப்பர்வைசர், "வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டீசல்" என்றிருக்கிறார். டீசல் வெளியே ஓடுகிறது என்று நினைத்து, ஜெனரேட்டருக்கு அடியில் படுத்துக் கசிவைத் தேடியிருக்கிறான். தேடி முடிப்பதற்குள் டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றுவிட்டது.

இப்போது வகுப்பில் முதல் வாரமே ஒரு கேள்வியைப் பழக்கிவிடுகிறேன். மெஷின் பக்கத்தில் நின்று யாராவது 'ரன்' என்று சொல்லிப் புரியவில்லையா, கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள்: "ஸ்டார்ட் ஆர் ஸ்டாப், சார்?"