பிரஞ்ச்: முற்பகல் விருந்தும் வெதுப்பகச் சொற்களும்

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மேல் நண்பர்கள் நாலைந்து பேர் ஒரு காப்பிக்கடையில் கூடுகிறார்கள். முட்டை, வாட்டிய ரொட்டி, பழம், கேக், இரண்டு மூன்று சுற்றுக் காப்பி. பேச்சு மதியம் ஒரு மணி வரை நீள்கிறது. வீடு திரும்பிய பிறகு யாருக்கும் மதியச் சாப்பாடு தேவைப்படுவதில்லை. இந்தச் சாப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் பிரஞ்ச் என்று பெயர். பிரேக்ஃபாஸ்ட்டின் தலையையும் லஞ்ச்சின் வாலையும் ஒட்டி உண்டாக்கிய சொல்.

தமிழில் இதற்குச் சிக்கல் எழுத்திலேயே தொடங்குகிறது. ‘பிரஞ்ச்’ என்று எழுதினால் பாதிப் பேர் ‘பிரெஞ்சு’ என்று படித்துவிடுவார்கள். ‘பிரஞ்ச் உணவு’ என்றால் பாரிஸ் நகரத்துச் சமையல் என்றே நினைப்பார்கள். ‘பிரன்ச்’, ‘ப்ரஞ்ச்’ என்று எழுத்தை மாற்றிப் பார்த்தாலும் குழப்பம் முழுதாகத் தீர்வதில்லை. ஆகவே இதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்பது தெளிவு கருதியும் நியாயமான தேவைதான்.

சொல் பிறந்த இடம் இங்கிலாந்து. 1895ஆம் ஆண்டு ‘ஹன்டர்ஸ் வீக்லி’ என்ற இதழில் கை பெரிஞ்சர் என்பவர் இந்தச் சாப்பாட்டுக்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் காலத்தில் ஞாயிறு காலை தேவாலயம் போய் வந்ததும் இறைச்சியும் ‘பை’ என்ற அடைத்த மாப்பண்டமும் நிறைந்த கனமான சாப்பாடு காத்திருக்கும். அதற்குப் பதிலாகத் தேநீர், காப்பி, மார்மலேடு என்று மெதுவாகத் தொடங்கி, பிறகு கனமான பண்டங்களுக்கு நகரும் ஒரே சாப்பாடு போதும் என்றார் அவர். சனிக்கிழமை இரவு வெகுநேரம் விழித்திருந்தவர்கள் ஞாயிறு விடியலில் எழ வேண்டியதில்லை என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆனால் அவர் முதன்மையாக அழுத்திச் சொன்னது வேறு. இந்தச் சாப்பாடு மனிதர்களைப் பேச வைக்கும், மனத்தை லேசாக்கும், வாரம் முழுக்கச் சேர்ந்த கவலையைத் துடைத்துவிடும் என்றார். நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்பது அவர் வாதமாக இருக்கவே இல்லை.

மறு ஆண்டே, 1896இல், ‘பஞ்ச்’ இதழ் இந்தச் சொல்லை எடுத்துப் பேசியது. காலைச் சாப்பாட்டு வேளைக்கு நெருக்கமாக உண்டால் பிரஞ்ச், மதியத்துக்கு நெருக்கமாக உண்டால் ‘பிளஞ்ச்’ என்று ஆக்ஸ்ஃபோர்டில் வேறுபடுத்தியதையும் அது குறிப்பிட்டது. பிளஞ்ச் நிலைக்கவில்லை. மணியை மட்டும் வைத்து ஒரு சாப்பாட்டை இரண்டாகப் பிரித்த முயற்சிக்கு மக்கள் வழக்கில் இடம் கிடைக்கவில்லை. தமிழ்ச் சொல் தேடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சாப்பாட்டுப் பெயர்கள் எந்த மொழியிலும் ஒரே மணியில் நிற்பதில்லை. பிரேக்ஃபாஸ்ட் என்றால் நோன்பை முறித்தல். இரவு முழுக்க வெறும் வயிற்றோடு இருந்ததை முறிப்பது. டின்னர் என்ற சொல்லின் வேரும் அதே பொருள்தான். பழைய பிரெஞ்சு வழியாக, நோன்பு முறித்தலைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காலையில் பிறந்த அந்தச் சொல் மதியத்தைத் தாண்டி இன்று இரவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதே வேரில் வந்த ‘தேஜூனே’ பிரான்சில் மதியச் சாப்பாடு, கனடாவின் கியூபெக்கில் இன்றும் காலைச் சாப்பாடு. நம் டிபனுக்கும் இதே பயணம் உண்டு. மதுவை ஒரு மடக்கு சுவைப்பதைக் குறித்த ஆங்கிலப் பேச்சு வழக்குச் சொல்லிலிருந்து, இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களின் லேசான பகலுணவுக்கு டிபன் என்ற பெயர் வந்தது. தமிழ்நாட்டில் அது இட்லியும் தோசையும் ஆனது. இன்று காலை ஏழு மணிக்கும் டிபன், மாலை நாலு மணிக்கும் டிபன், இரவு எட்டு மணிக்கும் டிபன். பலகாரமும் அப்படித்தான். ‘பலாஹாரம்’ என்ற வடசொல்லில் பழ உணவாக இருந்தது, தமிழில் முறுக்கும் அதிரசமும் இட்லியும் ஆகிவிட்டது.

காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் ஒரு வேளைச் சாப்பாடு நமக்குப் புதிதா என்றால், இல்லை. அலுவலக வேலைக்குப் போன சென்னைக் குடும்பங்கள் பலவற்றில் ஒன்பதரை, பத்து மணிக்கே சாம்பார், ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு முடிந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு டிபன், பிறகு இரவுச் சாப்பாடு. கடிகாரத்தைப் பார்த்தால் இதுவும் பிரஞ்ச்தான். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. அது டிராமைப் பிடிக்கவும் கச்சேரிக்கு, அதாவது அலுவலகத்துக்குப் போகவும் அவசரமாக உண்டு எழுந்த சோறு. பிரஞ்ச் அவசரம் இல்லாத நாளில், கூட்டமாக, பேச்சுக்காகவே நீட்டி உண்பது. ஆகவே வேளையை மட்டும் குறிக்கும் தமிழ்ச் சொல் பாதிப் பொருளைத்தான் தரும்.

‘காலைமதிய உணவு’, ‘முன்மதிய உணவு’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். புரியும். ஆனால் அவற்றில் கடிகாரம் மட்டும்தான் இருக்கிறது. ஆங்கிலத்தைப் போலவே இரண்டு சொற்களை வெட்டி ஒட்டிப் பார்க்கும் ஆசையும் சிலருக்கு உண்டு. தமிழ் இயல்பில் அது உட்காராது. தஞ்சாவூரைத் தஞ்சை என்று குறுக்குகிறோம். அந்த மரூஉ நீண்ட நாள் வாய்வழக்கில் தானாகத் தேய்ந்து வருவது. இரண்டு சொற்களைக் கத்தரித்து ஒன்றாக்குவதைவிட, முழுச் சொற்களை அருகருகே நிறுத்துவதுதான் தமிழின் பழக்கம்.

என் பரிந்துரை ‘முற்பகல் விருந்து’. முற்பகல் என்பது இன்று செய்த சொல் அல்ல. முற்பகலில் செய்த தீங்கு பிற்பகலில் தானே வந்து சேரும் என்று திருக்குறளிலேயே இருக்கிறது. அரசு அறிவிப்புகளில் ‘முற்பகல் 11.00 மணிக்கு’ என்று இன்றும் எழுதுகிறார்கள். இலங்கை அறிவிப்புகளில் ‘மு.ப.’ என்ற சுருக்கமும் வழங்குகிறது. விருந்து என்ற சொல்லின் பழம்பொருள் புதுமை. பிறகு புதிதாய் வந்தவர், அதன் பிறகு அவர்களோடு உண்ணும் உணவு என்று பொருள் விரிந்தது. ‘விருந்து என்றால் வாழையிலை, பாயசம், அழைத்தவர் செலவு என்றெல்லாம் தோன்றுமே, காப்பிக்கடையில் ஆளுக்கொரு பங்காகப் பணம் கொடுப்பது எப்படி விருந்தாகும்?’ என்று கேட்கலாம். தேநீர் விருந்து என்ற தொடரைப் பாருங்கள். குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் ஆளுநர் மாளிகையில் நடப்பதைச் செய்தித்தாள்கள் அப்படித்தான் எழுதுகின்றன. அங்கே இலையும் இல்லை, பாயசமும் இல்லை. கூடுவதும் பேசுவதும் சேர்ந்து உண்பதும் இருந்தால் அது விருந்து. தேநீர் விருந்து, இரவு விருந்து என்ற வரிசையில் முற்பகல் விருந்து இயல்பாகப் போய் அமர்கிறது. தனியாக உட்கார்ந்து பதினொரு மணிக்குச் சாப்பிட்டால் அதை முற்பகலுணவு என்று சொல்லிக்கொள்ளலாம்.

விருந்து நடக்கும் இடத்துக்கு வருவோம். கஃபே என்பது பிரெஞ்சு மொழியில் காப்பிக்கும் காப்பிக் கடைக்கும் ஒரே பெயர். அரபியின் கஹ்வா துருக்கியில் கஹ்வேயாகி ஐரோப்பாவுக்குப் போனது. தமிழ்நாட்டில் காப்பி, இலங்கையிலும் சிங்கப்பூரிலும் கோப்பி. குளம்பி என்று ஆக்கி, கஃபேயைக் குளம்பியகம் என்றும் எழுதுகிறார்கள். சில பெயர்ப்பலகைகளில் பார்த்திருக்கிறேன். முயற்சியை மதிக்கிறேன், ஆனால் காப்பி தமிழர் வாயில் தமிழாகவே பழகிவிட்ட சொல். காப்பிக்கடை என்றால் போதும். அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் பொதுவான சின்னக் கடையைப் ‘பேட்டைக் காப்பிக்கடை’ என்றால் அந்த நெருக்கமும் வந்துவிடுகிறது. சிங்கப்பூர், மலேசியாவின் கோப்பித்தியாம் அப்படி ஓர் இடம். மலாய்க் கோப்பியும், கடையைக் குறிக்கும் ஹொக்கியன் ‘தியாம்’ என்ற சொல்லும் சேர்ந்த பெயர் அது.

ஊரோடு ஒட்டிய காப்பிக்கடை என்றதும் எனக்கு இந்தியன் காபி ஹவுஸ்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. காப்பி வாரியம் தன் கடைகளை மூடத் தொடங்கியபோது வேலையிழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் துணையோடு 1957இல் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து கடைகளைத் தாங்களே நடத்த எடுத்துக்கொண்டார்கள். பரிமாறுகிறவரும் உரிமையில் பங்குள்ளவர். ஒரு காப்பியோடு எத்தனை நேரம் உட்கார்ந்து பேசினாலும் கேட்க ஆளில்லை என்று அந்தக் கடைகளுக்குப் பெயர் வந்தது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒரு காப்பி குடித்துவிட்டு இரண்டுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிறகு கையில் காசில்லாத ஒருவர் வந்து கேட்டால் அந்த இரண்டாவது காப்பி அவருக்கு. கொடுத்தவரும் குடித்தவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை.

இனி அந்த மேசைக்கு வரும் பண்டங்கள். ‘பேக்’ செய்வதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் தூய தமிழ்ப் பெயர்ப்பலகை வைப்பவர்கள் அடுமனை என்கிறார்கள். ஈழத்தில் வெதுப்பகம். பாண், அதாவது ரொட்டி, விலை ஏறினால் கொழும்புச் செய்திகளில் ‘வெதுப்பக உரிமையாளர்கள்’ என்றே வருகிறது. என் மனம் வெதுப்பகத்தின் பக்கம். அடுதல் என்றால் பொதுவாகச் சமைத்தல். அடுப்பு, அட்டில், அடிசில் எல்லாம் அதன் கிளைகள். ‘அட்டாலும் பால் சுவையில் குன்றாது’ என்று மூதுரை சொல்வது பாலைக் காய்ச்சுவதை. அப்படியானால் எந்தச் சமையலறையும் அடுமனைதான். பேக்கரிக்கென்று தனி அடையாளம் அதில் இல்லை.

வெதுப்புதல் என்றால் மெல்லச் சூடேற்றுதல். வெதுவெதுப்பு என்ற சொல்லே நமக்கு நன்றாகத் தெரியும். ‘220 பாகை செல்சியஸ் அடுப்பில் வேகும் ரொட்டிக்கு வெதுப்பு என்பது போதாதே’ என்பது நியாயமான கேள்வி. ஆனால் ரொட்டிக்குள் நடப்பதைப் பாருங்கள். மேல்தோல் காய்ந்து சிவந்து மொறுமொறுப்பாகும்போதும், உள்ளே ஈரம் இருக்கும் வரை நடுப்பகுதியின் சூடு 100 பாகையைத் தாண்டாது. வெந்த ரொட்டியின் நடுவில் கம்பி வெப்பமானியைச் செருகினால் 95 பாகையை ஒட்டித்தான் காட்டும். தீயும் தொடுவதில்லை, எண்ணெயும் இல்லை. மூடிய வெப்பம் சுற்றி நின்று மெல்ல மெல்ல உள்ளே போகிறது. வறுத்தல், பொரித்தல், வாட்டுதல், அவித்தல் ஆகியவற்றுக்கு இல்லாத இந்தத் தன்மைக்கு வெதுப்புதல் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். வீட்டிலே செய்வதை ‘வீட்டு வெதுப்பல்’ என்றால் முதலில் காதுக்குப் புதிதாக இருக்கும். ‘கேக் சுட்டேன்’ என்பதும் தவறே இல்லை. தோசையையும் அப்பத்தையும் பணியாரத்தையும் சுடுகிற வாய்க்கு அது இயல்பாகவே வரும்.

அடைத்த அடுப்புக்கு, அதாவது ஆங்கிலத்தில் ‘அவன்’ என்பதற்கு, ஈழத்தில் போறணை என்ற சொல் இருக்கிறது. போர்ச்சுகீசிய ‘ஃபோர்னோ’விலிருந்து வந்தது. பாணும் போர்ச்சுகீசியச் சொல், விசுக்கோத்தும் அப்படியே. விறகு எரித்துச் செங்கல்லைச் சூடாக்கி, தணலை ஒதுக்கி, நீளப்பிடி பலகையால் அச்சுப்பாணை உள்ளே தள்ளி எடுப்பார்கள். ஒரு இறாத்தல் பாணைத் தலைகீழாகத் திருப்பி அடியில் விரலால் தட்டினால் வெற்றுக் குடத்தின் ஓசை கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே இன்னும் வேகவில்லை. இறாத்தல் என்பது பவுண்டு நிறை. ஒரு இறாத்தல் பாண் சுமார் 450 கிராம். தமிழ்நாட்டிலும் போறணை பரவினால் நல்லது. மின்சார ‘அவன்’ அடுப்புக்கும் அது தடையின்றிப் பொருந்தும்.

கடையில் ஈஸ்ட் வாங்காமல், மாவையும் தண்ணீரையும் நாள்கணக்கில் புளிக்கவைத்து ரொட்டி செய்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். சவர்டோ என்ற அந்த மாவுக்குத் தமிழில் புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை. தமிழ் விவிலியத்தில் ‘புளித்த மா’ என்று தலைமுறைகளாக அச்சில் இருக்கிறது. ‘புளிப்பில்லா அப்பம்’ அதன் எதிர்ச்சொல். புளித்தமா ரொட்டி என்று தயங்காமல் எழுதலாம்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று இந்த வரிசையில் இருக்கிறது. அடுப்பில் ஒருமுறை ஏற்றி இறக்கும் அளவை ஆங்கிலத்தில் பேட்ச் என்கிறார்கள். பேக் என்ற சொல்லோடு உறவுள்ளது அது. ஒருமுறை வெதுப்பும் அளவு என்பதுதான் அதன் முதற்பொருள். பிறகு எதற்கும் பேட்ச் என்றானது. தமிழில் இதற்குச் சரியான சொல் ஈடு. ‘முதல் ஈடு இட்லி இறக்கியாச்சு’, ‘இன்னும் ரெண்டு ஈடு முறுக்கு போட்டா முடிஞ்சுது’ என்று வீடுகளில் பேசுகிறோம். ஆனால் கேக், குக்கீஸ் என்று வந்ததும் அதே வாய் ‘செகண்ட் பேட்ச்’ என்கிறது. ஒரு தட்டில் பன்னிரண்டு குக்கீஸ் அடுக்கிப் போறணைக்குள் வைத்தால் அது ஒரு ஈடு. இட்லித் தட்டுக்குச் சொல்வதை வெதுப்புத் தட்டுக்கும் சொல்லலாம்.

எழுதும் முறை பற்றி ஒரு குறிப்பு. ‘முற்பகல் விருந்து’ என்று பிரித்தே எழுதலாம்; இடையில் ஒற்று மிகாது. ‘வெதுப்பகப் பண்டம்’ என்பதில் ப் மிகும், ‘வெதுப்பக ரொட்டி’யில் மிகாது. அழைப்பில் எழுதினால் இப்படி வரும்: ‘ஞாயிறு பத்தரைக்குப் பேட்டைக் காப்பிக்கடையில் முற்பகல் விருந்து. ஆளுக்கொரு பண்டம் வீட்டில் வெதுப்பிக் கொண்டுவரலாம். புளித்தமா ரொட்டி கடையிலேயே கிடைக்கும். இரண்டாம் ஈடு பதினொரு மணிக்கு இறங்கும்.’